கடையில் பினாட்டுக் கண்டேன்: பாணிப்பினாட்டு போடத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

பரந்தன்காரன் எழுதியது:

வணக்கம். கேள்வி சின்னது, முன்கதைதான் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை மனைவி எழுதித் தந்த துண்டோடு வவுனியா குருமன்காட்டுப் பக்கம் சாமான் வாங்கப் போனேன். பருப்பு, சீனி, பால்மா, மகளுக்கு நூடில்ஸ், இன்னும் ஏதோ. பருப்பு அடுக்கியிருந்த தட்டுக்குக் கீழே, நிலத்தோடு நிலமாக ஒரு தட்டு. குந்தினால்தான் கண்ணில் படும். விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்: ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான். அவற்றுக்குப் பின்னால் தட்டையாக ஒரு பொதி. சப்பாத்துத் தோல் நிறம். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பினாட்டு. பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்கிற எங்கள் வன்னிச் சாப்பாடு.

நான் கடைசியாகப் பினாட்டுத் தின்றது 1996இல். ஒன்பது வயது.

எங்கள் அம்மம்மா வீடு பரந்தனுக்குக் கொஞ்சம் உள்ளே. வளவில் பனை அதிகம். ஆவணி பிறந்தால் இரவில் பனம்பழம் 'தொப்' என்று விழும் சத்தம் கேட்கும். படுத்தபடியே எண்ணுவேன். விடிய முதல் கடகத்தோடு போகாவிட்டால் மாடு முந்திவிடும். தோலை உரித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பு போக வடித்த களியைப் பனையோலைப் பாயில் ஊற்றிப் பரப்புவார். பாய் நிலத்தில் கிடக்காது, தடி நட்டுக் கட்டிய பந்தலின் மேல் கிடக்கும். இன்றைக்கு ஒரு படை, அது காய்ந்தால் நாளைக்கு அதன் மேல் இன்னொரு படை. இப்படியே இரண்டு மூன்று கிழமை போகும். காகம் கலைப்பது என் வேலை. காகத்தைவிட நான்தான் கூட எடுத்திருப்பேன். பாயின் ஓரத்தில் விரலை வைத்து வழித்தால் பாதி காய்ந்த களி புளிப்பும் இனிப்புமாக வரும். கடைசியில் ஒரு சின்னக் கசப்பு, தொண்டையில் வந்து நிற்கும்.

காய்ந்த பினாட்டைச் சுருட்டி உமலில் (பனையோலைப் பையில்) போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிடுவார். அதில் ஒரு பங்கு பிறகு பனம்பாணியில் ஊறிப் பாணிப்பினாட்டு ஆகும். அதற்கென்று ஒரு மண்பானை, வாயில் துணி கட்டி. அந்தப் பானைக்குக் கிட்டப் போனாலே அடி.

1996 ஆடியில் சண்டை வந்து பரந்தனை விட்டு ஓடினோம். அந்த வருடப் பழம் விழத் தொடங்கவில்லை, அதனால் அந்த வருடம் பினாட்டே இல்லை. முந்தின வருடச் சுருளை அம்மம்மா சீலைப் பொதிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நகை எங்கே வைத்தார் என்று தெரியாது, பினாட்டு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் கண்ணில் காணாத விலை. சீனி இல்லாத தேத்தண்ணி. அதற்குக் கடித்துக்கொள்ளப் பெருவிரல் நகம் அளவு பினாட்டு, பிள்ளைகளுக்கு மட்டும். கத்தரிக்கோலால் வெட்டித் தருவார். அம்மா ஒருநாள் கேட்டும் கொடுக்கவில்லை. எனக்கு ஞாபகம், மார்கழி வரைக்கும் வந்தது.

இப்போது கடைப் பினாட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பொதியை உடைத்தேன். (நூடில்ஸ் வாங்க மறந்துபோனேன். அது வேறு கதை.) பினாட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏதோ குறைந்தது. புளிப்பு இருக்கிறது, இனிப்புக் கொஞ்சம் கூட, கசப்பு இல்லவே இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி போல வழவழவென்று இருக்கிறது. அம்மம்மாவின் பினாட்டில் ஒரு பக்கம் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். அந்தக் கட்டங்களை எண்ணித்தான் தம்பியும் நானும் பங்கு பிரித்தோம்.

கேள்விகள் மூன்று. ஒன்று, பாயில் காயவைத்த பினாட்டு இப்போது எங்கேயாவது கிடைக்குமா? இரண்டு, கடைப் பினாட்டை வைத்துப் பாணிப்பினாட்டு போடலாமா? கேட்க வீட்டில் ஆள் இல்லை. அம்மம்மா 2004இல் போய்விட்டார், அம்மா 'நான் எங்கே பார்த்தேன், என்னையும் பானைக்குக் கிட்ட விடவில்லை' என்கிறார். மூன்று, என் பொதியில் ஒரு மூலையில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. தின்னலாமா, எறியவா?


பளை அக்கா எழுதியது:

தம்பி, முதலில் மூன்றாவது கேள்வி. வெள்ளை பஞ்சு மாதிரி நூல் நூலாக நின்றால், அல்லது மக்கிய மணம் வந்தால், அது பூஞ்சணம். அந்த மூலையை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைத் தின்னாதீர்கள், முழுதையும் எறியுங்கள். மாத் தூவினது போல ஒரே சீராக, மணமில்லாமல் இருந்தால் ஒட்டாமல் இருக்கப் போட்ட மாவாக இருக்கலாம். சந்தேகம் என்றால் எறிவதே நல்லது. பழைய ஆட்கள் துடைத்துவிட்டுத் தின்றார்கள் என்று யாராவது வந்து எழுதுவார்கள், கேட்காதீர்கள்.

பாணிப்பினாட்டு எங்கள் வீட்டில் போடுகிற முறையைச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறும்.

பினாட்டை ஈரமில்லாத துணியால் துடைத்து ஒருநாள் நல்ல வெயிலில் போடுங்கள். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். கத்தி ஒட்டும், கத்தரிக்கோல்தான் சரி (உங்கள் அம்மம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது). பனம்பாணி கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் பனங்கட்டியை உடைத்து, மூழ்கிற அளவுக்கும் குறைவான தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடியுங்கள், மண் இருக்கும். அதைக் காய்ச்சி, தொட்டு இழுத்தால் கம்பி வருகிற நேரம் இறக்குங்கள். கவனம், சீனி கலந்த பனங்கட்டியும் விற்கிறார்கள். நல்ல பனங்கட்டி நாக்கில் வைத்தால் வெறும் இனிப்பாக இருக்காது, அடியில் ஒரு மெல்லிய உப்புக்குணம் இருக்கும்.

மிளகும் நற்சீரகமும் வறுத்து இடித்தது, வறுத்த எள்ளு, வறுத்த அரிசிமா ஒரு கைப்பிடி. அளவு கேட்காதீர்கள், என் மாமியார் எனக்கும் சொல்லவில்லை. மிளகு மூக்கில் ஏறவேண்டும், கண்ணில் தண்ணீர் வரக்கூடாது, அவ்வளவுதான். பாணி ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் இவற்றைக் கலந்து, பானையில் ஒரு அடுக்குப் பினாட்டு, மேலே பாணி, மறுபடி பினாட்டு என்று போடுங்கள். பானை எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், முழுப் பானையும் புளித்துப் பொங்கிவிடும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஒரு மாதம் திறக்கக்கூடாது. நீங்கள் திறப்பீர்கள், தெரியும்.

பாய்ப் பினாட்டு பளைப் பக்கம் இன்னும் சில வீடுகளில் போடுகிறார்கள், வீட்டுத் தேவைக்கு. கடைக்கு வராது. ஆவணி, புரட்டாதியில் வந்தால் கேட்டு வாங்கலாம். இப்போது வந்தால் 'முடிஞ்சுது' என்பார்கள், பரணில் இருக்கும்.


மாங்குளத்தான் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், பினாட்டு எப்போது வன்னிச் சாப்பாடானது? பரந்தனும் பளையும் யாழ்ப்பாணத்தை ஒட்டின கரை. அங்கே மணலும் பனையும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குள் வளர்ந்த எங்களுக்கு சின்ன வயதுத் தீனி என்றால் பாலைப்பழம், வீரைப்பழம், விளாம்பழம். பனை எங்களுக்கு வேலிக்கு ஓலை தருகிற மரம்.

பாலைப்பழம் வைகாசி, ஆனியில் வரும். நெல்லிக்காயிலும் சின்னது, மஞ்சள், வாயில் போட்டால் தேன். பத்துப் பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிவிடும், பால் அப்படி. வகுப்பில் ரீச்சர் கேள்வி கேட்டால் வாய் திறக்காது, அதையே சாட்டாக வைத்துத் தப்பியிருக்கிறோம். கரடிக்கும் அதே பழத்தில்தான் ஆசை. அதனால் காட்டுக்குள் போகிறபோது சத்தம் போட்டுக்கொண்டுதான் போவோம், மரத்தடியில் கரடி நின்றால் அது முதலில் போகட்டும் என்று.

சந்தோசம் என்னவென்றால் பாலைப்பழத்தைத் தேடிக் குந்தவேண்டியதில்லை. பருவத்தில் ஏ9 வீதியோரம் சுண்டால் அளந்து விற்கிறார்கள். கவலை என்னவென்றால் சிலர் மரத்தில் ஏறிப் பழம் பிடுங்கப் பஞ்சியில் கொப்பையே வெட்டி இறக்குகிறார்கள். பாலை மெல்ல வளர்கிற மரம். அடுத்த வருடம் அந்தக் கொப்பில் என்ன காய்க்கும்?

பரந்தன் அண்ணா கோவிக்கக்கூடாது. கடையில் கண்டெடுத்த கதை நல்லாயிருந்தது. அந்த நூடில்ஸ் கதையையும் எழுதுங்கள்.


குளிர்நாட்டுக் காகம் எழுதியது:

இங்கே கனடாவில், ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளில் பினாட்டு வருகிறது, புழுக்கொடியலும் வருகிறது. நான் வாங்கி வைத்து ஒவ்வொரு துண்டாகச் சூப்புகிறேன். மகன் ஒருநாள் கையில் எடுத்து 'அப்பா, இது எந்த பெல்ட்டின் துண்டு?' என்று கேட்டான்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பரந்தன் தம்பி அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பினாட்டில் புகை மணக்கும். இங்கே வருவதில் இல்லை. அது ருசிக்காகப் போட்டதா, தானாக வந்ததா? நான் இதை வைத்து ஒரு பெரிய கற்பனை செய்து வைத்திருக்கிறேன், பகிடி பண்ணாமல் பதில் சொல்லுங்கள்.


பளை அக்கா எழுதியது:

கற்பனை எல்லாம் வேண்டாம் அண்ணா. புகை யாரும் போட்டதில்லை. பினாட்டு ஈரம் இழுக்கும், மழை தொடங்கினால் பிசுபிசுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், எலி வரும். அடுப்புக்கு மேலே வைத்தால் சூட்டில் காய்ந்தபடி இருக்கும், புகைக்குப் பூச்சி அண்டாது. விறகடுப்பில் பன்னாடையும் மட்டையும் சிரட்டையும் எரிந்த புகை நாலு மாதம் ஏறினால் மணக்காமல் என்ன செய்யும்? இப்போது காஸ் அடுப்பு. காஸ் அடுப்புக்கு மேலே வைத்தால் குழம்பு மணம்தான் வரும்.


அறிவியல்நகர் மாணவி எழுதியது:

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறேன். கசப்பைப் பற்றி அண்ணா எழுதியதற்குப் பதில் எழுதலாம் என்று வந்தேன்.

பனங்களியில் ஃபிளாபெலிஃபெரின் என்ற சபோனின் வகைப் பொருள்கள் உண்டு. கசப்பு அதில் இருந்துதான். எல்லா மரத்திலும் ஒரே அளவு இல்லை. அதனால்தான் ஊரில் 'இந்த மரத்துப் பழம் பினாட்டுக்கு, அந்த மரத்துப் பழம் மாட்டுக்கு' என்று பிரித்து வைத்திருப்பார்கள். எங்கள் அப்பம்மா மரத்துக்கு மரம் பெயரே வைத்திருந்தார். கடைக்குச் செய்கிறபோது கசப்புக் குறைந்த பழத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், அல்லது சீனி சேர்ப்பார்கள். உங்கள் பொதியில் என்ன சேர்த்திருக்கிறது என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

பின்னல் இல்லாததற்குக் காரணம், தட்டில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். உலர்த்தியில் வைத்தால் வெயிலுக்கும் மழைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஈயும் தூசியும் இல்லை. பழைய முறையில் களியின் மேல் எத்தனை ஈ இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும், காகத்தை மட்டும்தானே கலைத்தீர்கள்! தட்டில் காய்ந்தால் வழவழப்பாகத்தான் வரும்.

இன்னொன்று. பனை அபிவிருத்திச் சபை 1978இலேயே தொடங்கிவிட்டது, அதனால் பனம்பொருள் விற்பது புதுசில்லை. பழம்தான் பிரச்சினை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கென்று வெட்டியதும் ஷெல்லில் தலை போனதுமாக வன்னியில் எத்தனையோ பனை அழிந்தது. விதை நடலாம், நடுகிறார்கள். ஆனால் பனை காய்க்கப் பன்னிரண்டு பதினைந்து வருடம், சில நேரம் அதற்கும் மேலே ஆகும். அதுவரைக்கும் அது ஆண்பனையா பெண்பனையா என்றும் தெரியாது. பாளை வந்தபிறகு பார்த்தால் பாதி அலகுப்பனையாக நிற்கும், பழம் தராது. 2009க்குப் பிறகு திரும்பி வந்து நட்டவர்களின் மரங்கள் இப்போதுதான் அந்த வயதுக்கு வருகின்றன.

மாங்குளத்தான் அண்ணாவுக்கு: பினாட்டு வன்னியுடையதா இல்லையா என்று எனக்குச் சண்டை பிடிக்க விருப்பமில்லை. ஆனால் 1995, 96இல் வன்னிக்கு வந்தவர்கள் பொதியில் எதைக் கட்டிக்கொண்டு வந்தார்களோ அதுவும் வன்னிச் சாப்பாடுதானே?


மாங்குளத்தான் எழுதியது:

தங்கச்சி வாயை அடைத்துவிட்டாள். பாலைப்பழம் தின்றது போல இருக்கிறது.


பரந்தன்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன், இடையில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

வெள்ளை படிந்த பொதியை எறிந்துவிட்டேன். மணந்து பார்த்தேன், மக்கல்தான். அதே கடைக்குப் போய் மூன்று பொதி வாங்கினேன். பின்பக்கம் பார்த்தேன், தங்கச்சி சொன்னது சரி, சீனி போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை. பனங்கட்டி கிளிநொச்சிச் சந்தையில் ஒரு வயது போன அம்மாவிடம் வாங்கினேன். உப்புக்குணம் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவர் 'தம்பிக்குச் சலரோகமோ, நக்கிப் பார்க்கிறீர்?' என்று கேட்டார்.

பளை அக்கா, பாணி முதல்தரம் பிழைத்தது. கம்பி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கல்லாகப் போய்விட்டது. அந்தச் சட்டியை மனைவி இன்னும் ஊறவைத்தபடி இருக்கிறாள். இரண்டாம்தரம் சரி. மிளகு மூக்கில் ஏறியது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது.

புகையை என்னால் விடமுடியவில்லை. போடுவதற்கு முதல், முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சிரட்டை மூட்டி, மேலே கம்பி வலையில் பினாட்டுத் துண்டுகளை இரண்டு பின்னேரம் வைத்தேன். பக்கத்து வீட்டு ஐயா நுளம்புக்குப் புகை போடுகிறேன் என்று நினைத்து, தன் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் விடச் சொன்னார். பிறகு என்ன என்று தெரிந்ததும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். அவர் முள்ளியவளைக்காரர். அவர்கள் வீட்டில் பாணிக்கு எள்ளுப் போடமாட்டார்களாம், அதை இரண்டு பின்னேரமும் சொன்னார்.

பானை என்று மண்பானை கிடைக்கவில்லை, பழைய ஊறுகாய்ச் சாடி. மூடித் துணி கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஒரு மாதம் என்றீர்கள். பதினேழாவது நாள் திறந்தேன்.

அம்மம்மாவினது போல இல்லை. கசப்பு இல்லை, அது இந்தப் பினாட்டில் வராது என்று இப்போது விளங்குகிறது. ஆனால் சாடியைத் திறந்தபோது வந்த மணம் அதேதான். அம்மாவைக் கூப்பிட்டு முதல் துண்டைக் கொடுத்தேன். பல் கட்டியிருப்பதால் கடிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 'மல்லாவியில எனக்கு ஒரு துண்டு தரேல்லை, மனுசி' என்றார். இருபத்தொன்பது வருடக் கோபம். இரண்டாவது துண்டும் எடுத்தார்.

மகள் ஒரு துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் போட்டாள். கருத்து எதுவும் சொல்லவில்லை.

ஆவணியில் பளைக்கு வருகிறேன் அக்கா. பாய்ப் பினாட்டு எந்தப் பரணில் இருந்தாலும் எனக்கு ஒரு சுருள் சொல்லி வையுங்கள். கசப்பான மரத்துப் பழம் என்றால் இன்னும் நல்லது.

போன ஞாயிறு எண்ணியபோது சாடியில் இருபத்திரண்டு துண்டு இருந்தது. இன்றைக்குப் பதினாறு. வீட்டில் கேட்டால் மூன்று பேரும் இல்லை என்கிறார்கள். சாடியை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.